ஆயுத பூஜையில் ஒரு ரிவால்வர்

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கடைக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியைக் கரடி மறுபடியும் உருட்டிவிட்டுப் போயிருக்கிறது. பழைய டோனட்டும் பீட்ஸா அட்டையும் பார்க்கிங் முழுக்கச் சிதறிக் கிடந்தன. கூட்டி அள்ள ஒரு மணி நேரம் ஆயிற்று. டென்னசியில் மலையடிவாரத்தில் பெட்ரோல் பங்கும் கடையுமாக ஒரு கேஸ் ஸ்டேஷன் வைத்தால் கரடியும் ஒரு வாடிக்கையாளர்தான், என்ன, காசு மட்டும் கொடுக்காது.

கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். சுகந்தியிடம் சொன்னேன். சிகரெட் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரடிக்குங்களா?" என்றாள்.

"பின்னே யாருக்கு?"

"சும்மா கேட்டனுங்க."

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் இவள் எதையும் சும்மா கேட்டது கிடையாது.

பதினாலாம் தேதி கடையில் நடந்த கொள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிற்பாடு குழப்பம் வேண்டாம் என்று இங்கேயே எழுதி வைக்கிறேன். துப்பாக்கியோடு ஒருவன் வந்தபோது நான் குளிர் அறைக்குள் பால் கேன் அடுக்கிக்கொண்டிருந்தேன். சுகந்திதான் கல்லாவில் இருந்தாள். கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. போலீஸிடமும் இதைத்தான் சொன்னேன்.

மித்ரா இன்னும் ஆறேழு வாரத்தில் வந்துவிடுவாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு வருஷக் கடைசிவரை சிங்கப்பூரில் வேலை, அதனால் அட்லாண்டாவிலிருந்து இங்கேயே வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சுகந்தியின் கால் தரையில் பாவவில்லை. உடுமலையிலிருந்து சுக்கு, திப்பிலி, பனங்கருப்பட்டி என்று பார்சல் வந்து இறங்கியிருக்கிறது. மித்ராவைப் பெறும்போது இவளுக்குத் தாய் வீடு போகக் கொடுத்து வைக்கவில்லை. விசா, வேலை என்று நான் இங்கே இழுத்து வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு முகம் இல்லாமல் பெற்றாள். நானும் அன்று டியூட்டியில் இருந்தேன். மகளுக்காவது எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

ஆகஸ்ட் 30, சனி

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். நம் ஊர் ஜவுளிக் கடை மாதிரி சுவர் நிறைய சரக்கு. கேசி என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் மீன் பச்சை குத்தியிருக்கிறாள். முதல் துப்பாக்கியா என்று கேட்டாள். ஊரில் ஏர்கன்னில் காக்காய் சுட்டிருக்கிறேன் என்றேன். அவள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மேஜையில் துணி விரித்து மூன்று ரிவால்வர்களை வைத்தாள். ஒன்று பாயின்ட் இருபத்திரண்டு, பழகுவதற்கு. அடுத்தது பாயின்ட் முப்பத்தெட்டு, வீட்டுக்கும் கடைக்கும் போதுமாம். மூன்றாவதை நான்தான் கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டி எடுக்கச் சொன்னேன். பாயின்ட் நாற்பத்து நாலு மேக்னம். ஆறு அங்குலக் குழல், வெள்ளி போல மின்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடை. மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் அம்மிக் குழவி பக்கத்தில் கரண்டி கிடப்பது போலக் கிடந்தன.

எதற்கு என்று கேட்டாள். கரடி என்றேன்.

"கரடிக்கென்றால் ஸ்ப்ரே வாங்குங்கள். அங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறது. அதுதான் நன்றாக வேலை செய்யும்."

"ஸ்ப்ரே கொசுவுக்கு அடிப்பது."

சிரித்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். துப்பாக்கியைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது, கையால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள். நாற்பத்து நாலைப் பிடித்தால் என் விரல் நுனி மட்டும்தான் ட்ரிக்கருக்கு எட்டுகிறது. எட்டுகிறதே, அது போதாதா?

செப்டம்பர் 3, புதன்

மூன்று நாளாக யூடியூபில் இதே படிப்பு. முதல் முறை வாங்குகிறவன் சின்னதில் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். பெரியதாக வாங்கி, இரண்டு தரம் சுட்டுவிட்டு, மணிக்கட்டில் கட்டோடு வந்து விற்றவர்கள் கதை ஏராளம். அவர்கள் பொழுதுபோக்குக்கு வாங்கி விற்கிறவர்கள். நான் வாழ்நாளில் ஒன்று வாங்கப் போகிறேன், அது பார்த்தவுடன் எதிராளி பின்வாங்குகிற மாதிரி இருக்க வேண்டாமா?

முப்பத்தெட்டெல்லாம் விளையாட்டுச் சாமான். அன்றைக்கு வந்தவன் கையில் இருந்தது அதைவிடச் சின்னது. கறுப்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இடது கையால் பனியனைத் தூக்கி வலது கையால் எடுத்தான். அந்தப் பொடிச் சாமானுக்கே அத்தனை என்றால், நாற்பத்து நாலுக்கு எப்படி இருக்கும்.

திங்களன்று லேபர் டே விடுமுறைக்கு மித்ரா வந்து போனாள். பால் வண்டி தாமதம். ஐஸ் மெஷின் மறுபடியும் ஒழுகுகிறது.

செப்டம்பர் 6, சனி

வாங்கிவிட்டேன். ராகு காலம் முடியட்டும் என்று பத்தரைக்கு மேல் கிளம்பினேன்.

"சனிக்கெழம யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா?" என்றாள் சுகந்தி.

"இது இரும்பில்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

"தம்ளரும் அதான். அதையும் சனிக்கெழம வாங்கறதில்லீங்க."

படிவத்தில் கேள்வி மேல் கேள்வி. குற்றம் செய்தவனா, போதைப் பழக்கம் உண்டா, மனநிலை சரியில்லை என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதினேன். பயந்தாங்கொள்ளியா என்று ஒரு கேள்வி இல்லை. இருந்தாலும் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

கேசி கடைசிவரை முப்பத்தெட்டையே சொல்லிக்கொண்டிருந்தாள். வியாபாரம் தெரியாத பெண்.

மித்ராவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி, எதற்கு வீண் கவலை.

செப்டம்பர் 13, சனி

இன்றோடு முப்பது நாள். கடைக் கேமராவில் முப்பது நாளைக்கு மேற்பட்ட பதிவுகள் தானாக அழிந்துவிடும். போலீஸுக்கு வேண்டியது அவன் முகம் மட்டும், அதை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போய்ப் பார்த்தேன். அழிந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கேசியின் கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் கூடம் இருக்கிறது. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, எதிரே ஏழு கெஜத்தில் ஒரு மனிதன் உருவம் போட்ட காகிதம்.

முதல் தோட்டா. அதைச் சத்தம் என்று சொல்ல மாட்டேன், நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. குழல் கூரையைப் பார்த்து எகிறிவிட்டது. காகிதத்தில் ஒரு பொட்டு விழவில்லை. ஆறும் போய்விட்டன. ஒன்று மட்டும் காகித மனிதனின் தோளுக்கு மேலே ஓரத்தைக் கிழித்திருந்தது.

கேசி ஒரு வேலை செய்தாள். துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று, ஆறு அறைகளில் சிலவற்றில் மட்டும் நிஜத் தோட்டாவும் மற்றவற்றில் சுட்டு முடிந்த வெற்று உறைகளும் போட்டுக் கொடுத்தாள். எதில் எது என்று எனக்குத் தெரியாது. இரண்டு வெடித்தன. மூன்றாவது முறை அழுத்தினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான், வெடிக்கவில்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குனிந்துவிட்டது. என் கண் மூடியிருந்தது. எதுவுமே நடக்காத இடத்தில் என் உடம்பு தானாக ஒரு காரியம் செய்திருக்கிறது.

"சத்தம் வருவதற்கு முன்னாலேயே உங்கள் உடம்பு ஓடிவிடுகிறது. எல்லோருக்கும் இருப்பதுதான். சின்னத் துப்பாக்கியில் பழகினால் போய்விடும்" என்றாள்.

நல்ல பெண்தான். ஆனால் 'ஓடிவிடுகிறது' என்ற வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சுகந்தி தைலம் தேய்த்துவிட்டாள். எப்படிச் சுட்டீர்கள் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சுகந்தியையும் அழைத்துப் போனேன். எனக்கு அடுத்தபடி கல்லாவில் நிற்பவள், தெரிந்திருப்பது நல்லது. அதோடு, நாற்பத்து நாலு வெடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

கேசி அவளுக்கு வாடகை முப்பத்தெட்டு ஒன்றைக் கொடுத்தாள். சுகந்தி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கேசி சொன்னபடி காலை அகட்டி நின்றாள். அவசரமே இல்லை. ஐந்து முறை அழுத்தினாள். ஐந்தும் காகித மனிதனின் நெஞ்சில், ஒரு தோசை அளவுக்குள். கேசி கை தட்டினாள்.

"பயமா இல்லியா?" என்றேன்.

"எதுக்குங்க பயம்? எதுத்தாப்புல நிக்கறது காயிதம்தான?"

பிறகு நான் சுட்டேன். அதை எழுதுவதற்கில்லை. காரில் வரும்போது குழல் நீளம், பிடி தடிமன், வெளிச்சமும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா" என்றாள். வீடு வரும்வரை நான் பேசவில்லை. அவளுக்கும் அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மத்தியானத்தோடு கடையைச் சாத்தினோம். வருஷா வருஷம் பில் போடும் மெஷின், ஸ்பானர் செட், கத்தரிக்கோல், கார் சாவி, சுகந்தியின் அருவாள்மனை, இவைதான் பூஜையில் இருக்கும். இந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் நிஜமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, துடைத்து, நடுவில் வைத்தேன்.

"சாமிக்கு முன்னால இது வேண்டாமுங்க" என்றாள் சுகந்தி.

"சாமி கையில இருக்கறதெல்லாம் என்னவாமா? பூவா?"

குழலுக்கும் பிடிக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமப் பொட்டு வைத்தேன். தோட்டா போடும் உருளையைச் சுற்றி ஆறு அறைக்கும் ஆறு பொட்டு. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

தீபாராதனை காட்டும்போது மித்ரா வீடியோவில் வந்தாள். அவள் காலேஜ் போன நாளிலிருந்து இதுதான் வழக்கம், அங்கிருந்தே கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சுகந்தி போனைத் தட்டுப் பக்கம் திருப்பினாள். வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"ப்பா, அந்த அருவாள்மனை பக்கத்துல என்னது அது?"

சொன்னேன். கரடி என்றேன். பெட்டியில் பூட்டித்தான் வைப்பேன் என்றேன். மித்ரா அம்மாவைத்தான் பார்த்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மித்ரா கூப்பிட்டாள். துப்பாக்கி இருக்கிற வீட்டில் குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டாளாம். அது போனால்தான் வருவாளாம்.

"பூட்டு இருக்கு கண்ணு. சாவி என்ற கழுத்துலயே கெடக்கும்."

"பூட்டு பத்திப் பேசலப்பா. உங்களுக்கு ஆகஸ்ட்லருந்து கார் கதவு சாத்துனாலே தூக்கிவாரிப் போடுது. அம்மா சொல்லல, நானே லேபர் டே அன்னிக்கு வந்தப்பப் பார்த்தேன். தைரியமா இருக்கற ஆள்கிட்ட துப்பாக்கி இருந்தா எனக்குக் கவலை இல்ல. பயந்திருக்கற ஆள்கிட்ட இருக்கே, அதான்."

நான் போனை சுகந்தியிடம் கொடுத்துவிட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டு தோளில் கிடந்த பிள்ளை எனக்குப் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு என்னென்னவோவும் வந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

உருளை சுற்ற மாட்டேன் என்கிறது. கேசியிடம் எடுத்துப் போனேன். திறந்து பார்த்தவள், வாங்கி ஒரு மாதத்தில் இவ்வளவு துருவா என்றாள். துரு இல்லை, குங்குமம். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து காரை மாதிரி பிடித்திருந்தது. எங்கள் மதத்தில் கருவிகளுக்கு மரியாதை செய்யும் நாள் ஒன்று உண்டு என்று விளக்கினேன். பல் தேய்க்கும் பிரஷ் வைத்து அரை மணி நேரம் சுரண்டினாள்.

"அவசரத்துக்கு எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்குத்தான் கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டு போய் மித்ராவை அழைத்து வருவதாக இருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் சுகந்தி மனசுக்குள் நூறு முறை கிண்டி முடித்திருப்பாள். இன்று ரசம் மட்டும் வைத்தாள்.

"அந்த கேசிப் புள்ளகிட்டயே ரெண்டு மாசத்துக்குக் குடுத்து வெக்கலாமுங்களே. கொழந்தைக்கு நாப்பது நாள் ஆனதும் வாங்கிக்கலாம்."

நியாயமான யோசனைதான், எனக்கும் தெரியும். முடியாது என்றேன். கொடுத்துவிட்டால் எதற்கு வாங்கினேன் என்று ஆகிவிடும். இவள் எதிரில் நான் எதை வைத்துக்கொண்டு நிற்பது?

அப்படியெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "கடைக்குப் பாதுகாப்பு வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 15, புதன்

ஐஸ் மெஷின் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். கரடி வரவில்லை. வந்து ஏழு வாரம் இருக்கும்.

அக்டோபர் 17, வெள்ளி

சுகந்தி அட்லாண்டாவுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கிறது.

காலையில் பெட்டி கட்டினாள். சுக்கு, திப்பிலி, கருப்பட்டி, பழைய வேட்டித் துணி எல்லாம் அதற்குள் போயிற்று. மகள் தாய் வீட்டுக்கு வருவது போய், தாய் மகள் வீட்டுக்குப் போகிறாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தத் துப்பாக்கி உன்னைத்தான் காப்பாற்றப் போகிறது, அன்றைக்குத் தெரியும் என்றேன். அன்று மட்டும் இது என் கையில் இருந்திருந்தால் அவன் கதையே வேறு என்றும் சொன்னேன்.

சுகந்தி ஒரு சேலையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு இது இருந்திருந்தா, இதையும் எடுத்துக்கிட்டுத்தானுங்க உள்ள ஓடியிருப்பீங்க" என்றாள்.

இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தவள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாள். பிறகு, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளைக்குக் குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள் என்றாள். டாக்ஸி வந்தது. நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நோட்டில் இனி யாரை ஏமாற்ற? நான் பால் கேன் அடுக்கிக்கொண்டிருக்கவில்லை. கல்லாவில் நின்றது நான்தான். சுகந்தி சிப்ஸ் பாக்கெட்டுகளைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவன் பனியனைத் தூக்கினான். அடுத்து எனக்கு நினைவிருப்பது, குளிர் அறைக்குள் கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். அங்கே பால் கேன்களுக்கு இடையில் பார்த்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கண்ணாடிக் கதவு வழியாகக் கடை முழுக்கத் தெரியும். சுகந்தி கல்லாவுக்கு நடந்து போனாள். நடுங்காத கையோடு பெட்டியைத் திறந்தாள். நடுவில் ஒரு தரம் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, பால் கேனைப் பார்த்தாளா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை திறந்திருந்தது. எண்ணெய் தேய்க்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பெண் குழந்தை. மூன்று கிலோ. தாயும் சேயும் நலம். சுகந்தி போட்டோ அனுப்பியிருந்தாள். குழந்தைக்கு என் மூக்கு. பாவம்.

எப்போது வரட்டும் என்று கேட்டேன். "மித்ரா சொன்னதுதானுங்க. அது அங்க இருக்கற வரைக்கும் வேண்டாமுங்கறா" என்றாள். கொண்டு வர மாட்டேன், இங்கேயே வைத்துவிட்டுத்தான் வருவேன் என்றேன். "எங்க வெச்சாலும் உங்ககூடத்தான இருக்குது" என்றாள்.

இப்போதெல்லாம் அதைப் பெட்டியில் பூட்டுவதில்லை. ஆறு தோட்டாவும் போட்டு, கல்லாவுக்கு அடியில், வலது கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பகல் பதினொன்றரை இருக்கும். கடையில் நான் மட்டும். வெளியே நல்ல குளிர். வாட்டசாட்டமான ஆள் ஒருவன் தடித்த ஜாக்கெட்டோடு உள்ளே வந்தான். இருமல் மருந்து இருக்கும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கல்லாவைப் பார்த்து நடந்து வந்தான். வரும்போதே வலது கையை ஜாக்கெட்டுக்குள் விட்டான்.

பால் கேன்களுக்கு இடையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவின் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்த கை விறைத்துப் போயிருந்தது. அவன் ஜாக்கெட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மருந்துப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தான். நிமிர்ந்து பார்த்தான். யாராவது இருக்கிறீர்களா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். மருந்தின் விலையைப் பார்த்துக் காசை எண்ணி வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு லைட்டரை எடுத்து வைத்துவிட்டுப் போனான். நல்ல மனிதர். வயது எழுபதாவது இருக்கும்.

அவர் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன். ரிவால்வர் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

சுகந்தி சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. இதையும் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன் என்றாள். விட்டுவிட்டல்லவா ஓடினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கேசியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு பார்க்கிறீர்களா என்றாள். வேண்டாம் என்றேன்.

சுகந்தியைக் கூப்பிட்டு, விற்றாயிற்று என்று சொன்னேன். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"சரி, வாங்க" என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.